மகாராணி கேட்ட மழை

ஈசுவர வருஷம் கார்த்திகை மாதம் 23ஆம் நாள்

மகா ராஜ ராஜ ஸ்ரீ மாமா அவர்கள் சமுகத்துக்கு, கண்டிச் சீமை மடுல்கெல்லப் பக்கத்துக் கோப்பித் தோட்டத்திலிருந்து கணக்கப்பிள்ளை மருமகன் இராமையா தெண்டனிட்டு எழுதிக்கொண்டது. இவ்விடம் நான் சுகம் என்றுதான் எழுத வேண்டும். எழுதக் கை வராததால் விட்டுவிட்டேன். அவ்விடம் தங்களுக்கும் அத்தைக்கும் முருகன் துணை.

ஊரில் கிணறு வற்றிவிட்டதாகவும், தை பிறந்ததும் நல்லம்மாவையும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு இங்கே வந்து சேருவதாகவும் எழுதியிருந்தீர்கள். மாமா, வர வேண்டாம். உங்கள் மகளை நான் வேண்டாம் என்கிறேன் என்று நினைத்துவிடாதீர்கள். தோட்டத்தையே மூடப் போகிறார்கள். எல்லாம் மகாராணி அனுப்பிய ஒரு செப்புப் பாத்திரத்தால் வந்த வினை.

கோப்பி இலையில் மஞ்சள் தூள் பிடித்துச் செடியெல்லாம் மொட்டையானது உங்களுக்குத் தெரியும். ஆடி மாதம் பேராதனைப் பக்கமிருந்து ஒரு சாஸ்திரத் துரை வந்தார். மகாராணி சாஸ்திரத்தை வளர்த்துத் தேசத்தை முன்னேற்றப் போகிறாராம். அதற்காக, வாயில் புனலும் வயிற்றில் கிரீடமும் வைத்த ஒரு பாத்திரத்தை, காலையில் ஆட்களை எண்ணுகிற பெரட்டுக் களத்தில் நட்டார். கார்த்திகை முடிவதற்குள் அதில் நாற்பது அங்குல மழை விழுந்தால், காய்ச்சல் மருந்துக்கு ஆகிற கொய்னாக் கன்றுகளைச் சர்க்கார் கொடுக்கும், தோட்டம் பிழைக்கும். விழாவிட்டால் மூட வேண்டியதுதான். இத்தனையையும் என்னிடம் இங்கிலீசில் சொல்லிவிட்டு, ஆட்களைப் பார்த்துத் தமிழில் ஒரே ஒரு வாக்கியம் சொன்னார்: "மகாராணி மழை கேக்குது!" மகாராணியை அஃறிணையாக்கியது போகட்டும். எவ்வளவு மழை என்று கேட்கிறார் என நானாவது திருத்தியிருக்க வேண்டும். துரை சொன்னதைத் திருப்பிக் கத்துவதுதானே என் உத்தியோகம்? "மகாராணி மழை கேக்குறாங்க!" என்று நானும் கத்தித் தொலைத்தேன்.

மறுநாள் வானத்தில் ஒரு மேகம் இல்லை. பாத்திரமோ வழிய வழிய நிறைந்திருக்கிறது. ஏழு அங்குலம் என்று எழுதினேன். அடுத்த நாளும் ஏழு. மூன்றாம் நாளும் ஏழு. "கணக்கப்பிள்ளை, நீ மட்டும் எந்த ஊர்ல நனையுறே?" என்று எங்கள் தோட்டத் துரை கேட்டார். விடியற்காலையில் போய்ப் பார்த்தால், பழம் பறிக்கிற ராக்கம்மா குடத்தோடு நிற்கிறாள். பின்னால் லயத்து வரிசை வீடுகளில் இருக்கிற பெண்கள் எல்லாரும் வரிசையில்.

"ஏ ராக்கம்மா, என்ன பண்ற?"

"பாத்தா தெரியலீங்களா? மகாராணி மழை கேட்டு ஏனம் அனுப்பியிருக்காங்க. அவுங்க சீமையிலயும் பஞ்சம் போல. எம்புட்டுப் பெரிய மகராசி, பாவம், வாய்விட்டுக் கேட்டுட்டாங்க. மழைக்கு நாம எங்க போறது? தண்ணியாச்சும் ஊத்துறோம்."

"அது மழைய அளக்குற ஏனம்!"

"அளந்து? விக்கவா போறாங்க?"

நம்ம பக்கத்துப் பஞ்சத்துல ரெண்டு பிள்ளையைப் பறிகொடுத்துட்டு வந்தவ மாமா அவ. திட்டவும் மனசு வரலை, திட்டாம இருக்கவும் முடியலை.

நான் சொன்னதை யாரு கேட்டா? கங்காணி கறுப்பையா, "மகாராணி ஏனத்துக்கு வெறுந்தண்ணியா?"ன்னு வெள்ளிக்கிழமை மஞ்சள் குங்குமம் வச்சுப் பாலாபிஷேகமே பண்ணிப்புட்டான். அன்னிக்குன்னு பாத்து சாஸ்திரத் துரை வந்து நிக்கிறாரு. பாத்திரத்தைச் சாய்ச்சா பால் கொட்டுது. விரல்ல தொட்டு நக்கிட்டு என்னைப் பாத்தாரு பாருங்க, அந்தப் பார்வை என் சத்துருவுக்கும் வேண்டாம். எழுதினதையெல்லாம் அடிச்சுட்டு, சுத்தி முள்வேலி போடச் சொல்லி, "இனிமே வானத்துல இருந்து விழுறது மட்டும்தான்"னுட்டுப் போயிட்டாரு. அதுக்கப்புறம் நெசமாப் பேஞ்சது இப்ப முப்பத்தேழு அங்குலத்துல நிக்குது. கார்த்திகை முடிய ஆறே நாள். வானம் துடைச்சு வச்ச மாதிரி இருக்கு. நாப்பது குடும்பம் எங்க போகும்? நான் ஊருக்கு வந்து வத்தின கிணத்தை எட்டிப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கவா? பயமா இருக்கு மாமா. ஆனா ஒண்ணு, ஒரு சொட்டுக்கூடப் பொய்யா எழுத மாட்டேன். மகாராணி உப்பைத் தின்கிறவன் நான்.

அத்தைக்கு என் நமஸ்காரம். நல்லம்மாவிடம் நயமாகச் சொல்லவும். பிள்ளைகள் தலையில் நான் கைவைத்ததாக நினைத்து நீங்கள் வைக்கவும்.

தங்கள் மருமகன்,
இராமையா

பின்குறிப்பு: தபால் கொண்டுபோகிற ஆளுக்குக் காய்ச்சல், கடிதம் நாலு நாளாக என்னிடமே கிடக்கிறது. இதற்குள் ராக்கம்மா வந்து, "அப்ப மழை மகாராணிக்கு இல்லையா, நமக்குத்தானா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். "இத அன்னிக்கே சொல்லித் தொலைக்கிறதுக்கு என்ன?" என்று முள்வேலியைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். நாலு நாளும் இங்கே நல்ல மழை, பெரட்டுக் களத்தில் மட்டும். தோட்டத் துரை காய்ந்த வானத்தைப் பார்த்தார், மழைப் புத்தகத்தைப் பார்த்தார், முள் கீறிய என் கையைப் பார்த்தார். "நல்ல மழை" என்று கையெழுத்துப் போட்டார். நேற்றோடு நாற்பது அங்குலம் சரியாக நிறைந்தது. ஆகையால் மேலே எழுதியதையெல்லாம் அடித்துவிட்டு, தை பிறந்ததும் நல்லம்மாவையும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு புறப்பட்டு வரவும். வரும்போது வீட்டிலிருக்கும் பெரிய செம்பையும் எடுத்து வரவும். மகாராணி அடுத்த வருஷமும் மழை கேட்கிறாராம்.