பெற்றோல் பம்பும் மட்டைக் காக்காவும்

கல்முனை தொடக்கம் பொத்துவில் வரை சல்லடை போட்டுத் தேடினாலும், தென்னம் மட்டையோடு சேர்த்துக் கலியாணத்துக்கு அழைக்கப்பட்ட மனிதர் ஒருவர்தான் கிடைப்பார். அவர் எங்கள் மட்டைக் காக்கா; அண்ணனை நாங்கள் காக்கா என்போம். சொந்தப் பெயர் அடையாள அட்டையில் இருக்கக்கூடும். எங்கள் ஒழுங்கையில் அதை யாரும் கேட்டதில்லை.

அவர் என் வாழ்க்கைக்குள் நுழைந்தது என் காரின் பெற்றோல் தாங்கி வழியாக. அந்தக் கார் எனக்கு முன்னால் மூன்று பேரைக் களைக்கவைத்துவிட்டு என்னிடம் வந்தது. ஒரு நாள் காலையில் சாவியைத் திருப்பினேன். இயந்திரம் சுற்றியது, சுற்றியது, பற்றவேயில்லை. என் மனைவி பாலமுனையில் ஆசிரியை. முதல் மணி அடிப்பதற்குள் அவளைக் கொண்டுபோய் விட்டுவிட்டு நான் அலுவலகத்துக்குத் திரும்ப வேண்டும்.

ஒழுங்கை முழுவதும் கூடிவிட்டது. எங்கள் ஊரில் கார் இல்லாதவர்களுக்குத்தான் காரைப் பற்றி அதிகம் தெரியும். மீன்காரர் பெட்டரி என்றார். பக்கத்து வீட்டுக்காரர் பிளக் என்றார். பள்ளிவாசலில் இருந்து வந்த ஒருவர், "பெற்றோல் இரிக்கா தம்பி?" என்று மிகுந்த அக்கறையோடு கேட்டார்.

அப்போதுதான் காக்கா வந்தார். ஒரு காலத்தில் லொறியில் கிளீனராக இருந்தவர்.

"எல்லாரும் வாய மூடுங்க. பம்பு பாடுதா எண்டு கேக்கணும்."

சாவியைப் பாதி திருப்பியதும் தாங்கிக்குள் இருக்கும் பம்பு இரண்டு நொடி 'ங்ஙீ' என்று இரைய வேண்டுமாம். இரையாவிட்டால் அதுதான் நோயாளியாம். நான் சாவியைத் திருப்ப, அவர் பெற்றோல் ஊற்றும் வாயில் காதை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார். அந்த நேரம் பார்த்து, ரொட்டி விற்கும் பாண்காரரின் ஓட்டோ பாட்டுப் பாடிக்கொண்டு வந்தது. காக்கா காதை எடுக்காமலே ஒரு கையை உயர்த்தினார். பாட்டு நின்றது. பாண்காரர் எங்கள் எல்லோருடைய முகங்களையும் பார்த்தார். பையிலிருந்து தொப்பியை எடுத்துத் தலையில் போட்டுக்கொண்டு இறங்கி வந்தார்.

"மூச்சே இல்ல," என்றார் காக்கா.

"இன்னாலில்லாஹி," என்றார் பாண்காரர். "ஆரு?"

"பம்பு."

பிறகு காக்கா வேலியோரம் கிடந்த காய்ந்த தென்னம் மட்டையை எடுத்துக்கொண்டு காருக்குக் கீழே நுழைந்தார். "இரும்பால தட்டினா நெருப்புப் புடிச்சிரும். இதுக்கு மட்டைதான் நல்லம்." டொக், டொக், டொக். "இப்பத் திருப்புங்க!" கார் பிடித்துக்கொண்டது. அன்று பாலமுனைக்குப் போகும் வழியெல்லாம் எனக்கு அப்படி ஒரு நிம்மதி.

அந்த நிம்மதிக்கு ஆயுள் ஒரே நாள். மறுநாள் காலை அவர் மட்டையோடு வந்து பின் இருக்கையில் ஏறி உட்கார்ந்துகொண்டார்.

"காக்கா, எங்க போற?"

"வழியில நிண்டா ஆரு தட்டுற?"

இந்த ஒரு கேள்வியோடு அவர் இரண்டு வருடம் எங்களோடு பயணம் செய்தார். பாலமுனையில் அவர் மட்டையோடு இறங்கிய முதல் நாள், பிந்தி வந்த பிள்ளைகள் எல்லாம் தாங்களாகவே வரிசையில் நின்று கையை நீட்டின. ஒலுவிலில் ஒரு கலியாண வீட்டில் மட்டையைச் செருப்புகளோடு வெளியே வைக்கச் சொன்னார்கள். "செருப்புப் போனா வேற வாங்கலாம்," என்று சொல்லிவிட்டு அதை மடியில் வைத்துக்கொண்டே புரியாணி சாப்பிட்டார். அந்த வீட்டின் அடுத்த கலியாண அட்டையில், 'குடும்பத்தோடும், காக்காவோடும், மட்டையோடும்' என்று எழுதி வந்தது.

எனக்கோ அலுத்துவிட்டது. காருக்குள் கணவனும் மனைவியும் ஆறுதலாகச் சண்டை பிடிக்கக்கூட வழியில்லை. பின்னாலிருந்து தீர்ப்பு வந்துவிடும். அதுவும் எப்போதும் மனைவிக்குச் சாதகமான ஒரே தீர்ப்பு: "புள்ள சொல்லுறதுதான் சரி, தம்பி."

புதுப் பம்பு போடலாமா என்று மெதுவாகக் கேட்டுப் பார்த்தேன். என்னைப் பெற்ற உம்மாவை வீட்டை விட்டு அனுப்பச் சொன்னதுபோல் பார்த்தார். "கொம்பனியில இரிந்து வந்த பம்பு. மூச்சு இரிக்கும்மட்டும் இரிக்கட்டும்."

விஷயம் பம்பு இல்லை என்பது எனக்கும் தெரியும். காக்காவின் மனைவி மௌத்தாகிப் போய்ச் சேர்ந்துவிட்டார். வீடு மகளுக்குச் சீதனமாகப் போய்விட்டது. மருமகன் கட்டாரிலிருந்து திரும்பி வந்த நாள் முதல் கூடத்தில் படுத்துக் கைபேசியில் படம் பார்க்கிறார். அந்தச் சத்தம் எங்கள் வீடு வரை கேட்கும். காக்கா இதைப் பற்றி ஒரு சொல் கதைத்ததில்லை. காலையில் மட்டையோடு வருவார், அவ்வளவுதான்.

சும்மா வரவும் மாட்டார். ஒருமுறை நண்பரின் வான் வண்டியில் அறுகம்பைக் கடற்கரைக்குப் போனபோது அவரையும் கூப்பிட்டோம்.

"அந்த வானுக்கு என்ன வருத்தம்?"

"ஒண்டுமில்ல காக்கா. நல்லா ஓடுது."

"அப்ப எனக்கு அதில என்ன வேலை?" என்று திரும்பிப் போய்விட்டார்.

போன மாதம் அவருக்குக் காய்ச்சல்; மாலையில் திருப்பித் தரச் சொல்லி, மட்டையை மட்டும் எங்களோடு அனுப்பினார். அன்று என் மனைவிக்குத் தவணைப் பரீட்சைக் கடமை. காரைதீவுச் சந்தியில் கார் நின்றது. வெள்ளைச் சட்டையோடு நான் கீழே நுழைந்தேன். மட்டை அதே மட்டை, தாங்கி அதே தாங்கி. தட்டத் தட்டத் தூசிதான் என் கண்ணில் கொட்டியது. மனைவி ஓட்டோ பிடித்துப் போய்விட்டாள். மாலையில் வந்து கைப்பையைக்கூடக் கீழே வைக்கவில்லை.

"பம்ப மாத்துங்க. இல்லாட்டி நீங்களும் காக்காவும் போங்க. நான் பஸ்ஸில போறன்."

சனிக்கிழமை கார் வயரிங் வேலை பார்க்கும் பாஸ் வந்து, பின் இருக்கையைத் தூக்கிப் பழைய பம்பைக் கழற்றிப் புதியதைப் பூட்டினார். சாவியைத் திருப்பினேன். 'ங்ஙீ' என்று அழகாக இரைந்தது. இரண்டு வருடம் ஏங்கிய சத்தம். ஆனால் எனக்குச் சந்தோஷம் வரவில்லை. திங்கட்கிழமை அவர், "அப்ப எனக்கு இதில என்ன வேலை?" என்று கேட்டால் நான் என்ன சொல்வது? காக்கா இல்லாத பின் இருக்கையை நினைக்கவே எனக்குப் பிடிக்கவில்லை. அந்த மனிதரில் இவ்வளவு பிரியம் வைத்திருக்கிறேன் என்பது அன்றுதான் எனக்கே தெரிந்தது.

திங்கள் காலை அவர் வந்தார். காய்ச்சலில் பாதியாகிப் போயிருந்தார். கையில் மட்டை. நான் சாவியைப் பிடித்தபடி, திருப்பவும் முடியாமல் விடவும் முடியாமல் இருந்தேன்.

முன் இருக்கையிலிருந்து மனைவி தலையை வெளியே நீட்டினாள்.

"காக்கா, இது இண்டைக்கும் எடுக்குதில்ல. ஒரு தட்டுத் தட்டுங்க."

காக்கா குனிந்து, முனகிக்கொண்டு கீழே நுழைந்தார். டொக். ஒரே ஒரு தட்டு, காதில் விழுந்தும் விழாமலும். சாவியைத் திருப்பினேன். கார் பிடித்துக்கொண்டது. அவர் இடுப்பில் கட்டிய சாரத்தைத் தட்டிவிட்டு ஏறி, மட்டையை மடியில் வைத்துக்கொண்டார்.

கார் காரைதீவைத் தாண்டியது.

"புதுப் பம்பு," என்றார் காக்கா, வெளியே பார்த்தபடி. "அதான் மெல்லமாத் தட்டினன்."

என் மனைவி திரும்பவேயில்லை. "ஓம் காக்கா. நாளைக்கும் அப்படியே மெல்லமாத் தட்டுங்க."