தெரியும், தெரியும்

"இது எந்தக் கைக்குப் போடுறதுன்னு நீங்களே சொல்லுங்க!" என்று கத்தினார் அந்தப் பயணி.

அவர் கையில் ஒரு குழந்தைச் சட்டை தொங்கிக்கொண்டிருந்தது. அவருடைய கட்டைவிரல் வேண்டுமானால் அதற்குள் போகும். ஆள் கதவை அடைத்துக்கொண்டு நிற்கிற உருவம். விமான நிலையத்தில், தொலைந்த பெட்டிகள் பிரிவுக்கு இது புதிதல்ல. ஒரே நிறப் பெட்டிகள் இரண்டு கைமாறிப் போனால் எங்கோ ஒரு கைக்குழந்தையின் அம்மா இவருடைய கோட்டை விரித்துப் பார்த்துத் திகைத்துக்கொண்டிருப்பாள்.

மேற்பார்வையாளர் அவரை உட்காரவைக்கப் போராடிக்கொண்டிருந்தபோது மேசையிலிருந்த போன் அடித்தது. பணியாளர் பிரிவிலிருந்து ஓர் அம்மாள்.

"சார், உங்க பிரிவுல ஆட்டிசம் உள்ள..."

"நான் நாளைக்கு இதைப் போட்டுக்கிட்டுத்தான் மீட்டிங் போகணுமா?" என்றார் பயணி.

"...வெள்ளிக்கிழமை கூட்டத்துல அவங்களே பேசறாங்க. அப்படிப்பட்டவங்களால வேலையில என்ன பலம்னு. ஏற்பாடெல்லாம் நீங்கதான் பார்த்துக்கணும்."

"பார்த்துக்கறேங்க."

"யாருன்னு தெரியும்ல?"

பயணி இப்போது ஒரு குட்டிச் சாக்ஸை மேசைமேல் வைத்தார்.

"தெரியும், தெரியும்" என்று சொல்லி மேற்பார்வையாளர் போனை வைத்தார். வைத்த பிறகுதான் தெரிந்தது, தனக்குத் தெரியாது என்று.

அவருக்குப் பிறவியிலேயே இந்தக் குறை. காதில் விழாததை "என்ன சொன்னீங்க?" என்று திருப்பிக் கேட்க நாக்கு எழாது. கேட்டால் மட்டி என்று நினைத்துவிடுவார்களே என்ற வெட்கம். பெண் பார்க்கப் போன இடத்தில் மாமனார் ஏதோ கேட்க, இவர் "ஆமாங்க" என்று சொல்லிவைத்தார். மாப்பிள்ளைக்கு நீச்சல் தெரியும் என்று அந்த வீட்டில் இன்றுவரை நம்பிக்கொண்டிருக்கிறார்கள். மாமனார் வீட்டாரோடு தண்ணீர் பக்கம் போகாமலே அவரும் காலத்தை ஓட்டிக்கொண்டிருக்கிறார்.

வீட்டுக்கு வந்ததும் மனைவியிடம் சொன்னார்.

"திருப்பிக் கூப்பிட்டுக் கேட்க வேண்டியதுதானே?"

"ஒரு தடவை தெரியும்னு சொல்லியிருந்தா கேட்கலாம். ரெண்டு தடவை சொல்லிட்டேனே."

மனைவி தலையில் அடித்துக்கொண்டாள். அவர் செல்போனைத் தட்டி ஆட்டிசம் பற்றிப் படித்தார். ஒரே விஷயத்தில் ஆழ்ந்து கவனம் வைப்பார்கள். மற்றவர்கள் கண்ணில் படாத ஒழுங்கு அவர்கள் கண்ணில் படும். உள்ளதை உள்ளபடி சொல்வார்கள். ஒருவருக்கு இருப்பதுபோல் இன்னொருவருக்கு இருக்காது.

தன் பிரிவில் அப்படி யார்? யோசித்து யோசித்துப் பார்த்தார். பெட்டிகள் ஏன் தொலைகின்றன என்று ஊரே மண்டையை உடைத்துக்கொண்டிருந்தபோது, மழை நாளில்தான் அதிகம் தொலைகின்றன, ஈரத்தில் பெட்டியில் ஒட்டிய சீட்டின் பசை விட்டுவிடுகிறது என்று கண்டுபிடித்தார்களே? அது மேலிடத்திலிருந்து வந்த உத்தரவு. தன் ஆட்கள் யாருக்கும் அந்த மூளை கிடையாது.

"ஒருவேளை எனக்கே இருக்குமோ?" என்றார்.

"அவங்க நல்லா கவனிப்பாங்கன்னு போட்டிருக்கே" என்றாள் மனைவி. "காலையிலேருந்து சட்டையைத் திருப்பிப் போட்டுக்கிட்டுத் திரியறீங்க."

மறுநாள் காலை அதிகாரியம்மா அவர் மேசைக்கு வந்தார். நான்கு வருடமாக அந்தப் பிரிவு அவர் கையில்தான் இருந்தது. வளைத்துப் பேசும் வழக்கமே கிடையாது. குசலம் விசாரிக்க மாட்டார். "பரவாயில்லை" என்றால் நிஜமாகவே பரவாயில்லை. "தப்பு" என்றால் தப்பு. மேற்பார்வையாளருக்கு அவரைக் கண்டால் உள்ளங்கை வியர்க்கும்.

"போன் வந்துதா?"

"வந்துது மேடம்."

"விஷயம் சொல்லிட்டாங்களா?"

"சொல்லிட்டாங்க மேடம்."

"நல்லது. கூட்ட அறையில ஒரு டியூப்லைட் மினுக்கிக்கிட்டே இருக்கு. கண்ணைக் குத்தும். கழட்டிடுங்க. யாரும் கைதட்ட வேண்டாம், திடீர்ச் சத்தம் ஒத்துக்காது. அவ்வளவுதான்."

போய்விட்டார். யார் என்று கேட்டிருக்கலாம். வாயைக்கூடத் திறந்தார். அதற்குள் மேடம் படியேறிவிட்டார். மேடத்துக்கே தெரிந்திருக்கிறது, தனக்குத் தெரியவில்லையே என்று மேற்பார்வையாளர் கூசிப்போனார்.

சரி, நாமே கண்டுபிடித்துவிடலாம் என்று கிளம்பினார்.

முதலில் கண்ணில் பட்டவர் கிடங்குக்காரர். மாற்றலாகி வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. யாரோடும் பேசமாட்டார், முகத்தைப் பார்க்கமாட்டார், கேட்டதற்குத் தலையை மட்டும் ஆட்டுவார். எல்லோரும் அவருக்கு மௌனி என்று பெயர் வைத்திருந்தார்கள். இவரேதான், சந்தேகமில்லை!

அன்றே கிடங்கின் விளக்குகளில் பாதியைக் கழற்றச் சொன்னார். கன்வேயர் பெல்ட் பக்கம் போகவிடாமல் கடைசி மூலையில் நாற்காலி போட்டார். மௌனியின் முன் குனிந்து, ஒவ்வொரு சொல்லாக நிறுத்திச் சொன்னார்.

"இங்க... சத்தம்... வராது. நிம்மதியா... இருங்க."

மௌனி மிரண்டுபோய்த் தலையாட்டினார்.

அரை இருட்டில் அவருக்குப் பச்சைப் பெட்டியும் நீலப் பெட்டியும் ஒன்றாகத் தெரிந்தன. மாலைக்குள் கவுன்டரில் வரிசை வாசல்வரை நீண்டது. ஒருவருக்கு வேறொருவரின் மீன்பிடித் தூண்டில் போயிருந்தது. குழந்தைச் சட்டைக்காரருக்கு இப்போது இன்னொரு குழந்தையின் பெட்டி கிடைத்தது.

மேற்பார்வையாளர் மூலைக்கு ஓடினார். "கவலைப்படாதீங்க. உங்க பலம்... எங்களுக்கு... வேணும். பேசப் பிடிக்கலன்னா... எழுதிக் காட்டுங்க."

மௌனி வாயைப் பொத்திக்கொண்டார். கண் கலங்கியது. பிறகு கையை எடுத்தார். முன்பற்கள் இருந்த இடத்தில் ஜன்னல்போல ஓர் ஓட்டை.

"பல்லு விழுந்துருச்சு சார்" என்றார். பாதிச் சொல் காற்றாகப் போயிற்று. "இங்க சேர்றதுக்கு முதல் நாள் படியில விழுந்துட்டேன். புதுப் பல்லு வெள்ளிக்கிழமைதான் வருது. சிரிப்பாங்கன்னுதான் வாயைத் திறக்கலை. அதுக்குப் போயி இருட்டுல உட்கார வச்சுட்டீங்களே சார்."

மேற்பார்வையாளருக்கு அந்த இருட்டு அப்போது வசதியாக இருந்தது. முகத்தைக் காட்ட வேண்டியிருக்கவில்லை.

அடுத்த நாள் கவுன்டர் அக்காவைக் கவனித்தார். பேனாக்களை நிறவாரியாக அடுக்குவார். ஒரு பேனா இடம் மாறினால் எழுந்து வந்து எடுத்துவைப்பார். பயணியிடம், "உங்க பெட்டி கிடைக்காது, வீட்டுக்குப் போங்க" என்று முகத்துக்கு நேரே சொல்வார். அடடா, பக்கத்திலேயே வைத்துக்கொண்டு ஊரெல்லாம் தேடினோமே!

ஆனால் இந்தமுறை பக்குவமாகக் கேட்கவேண்டும் என்று முடிவு செய்தார். ஓய்வு நேரம் பார்த்து அருகில் போனார். சுற்றிலும் நாலு பேர் காபி குடித்துக்கொண்டிருந்தார்கள்.

"அக்கா, உங்களுக்கு விசேஷம்னு கேள்விப்பட்டேன்."

காபிக் கோப்பைகள் அந்தரத்தில் நின்றன.

"என்னது?"

"மறைக்க வேண்டாம்க்கா. மேலிடத்துக்கே தெரியும். வெட்கப்பட இதுல ஒண்ணுமே இல்ல. எவ்வளவு வசதி வேணும்னாலும் செஞ்சு தரச் சொல்லியிருக்காங்க."

"பேத்தி எடுத்தவ நான்!" என்று எழுந்தார் அக்கா. "இந்த வயசுல எனக்கு விசேஷமா? யாரு சொன்னது?"

அதற்குள் செய்தி பெல்ட்டில் ஏறிய பெட்டிபோல் ஒரு சுற்று வந்துவிட்டது. சுமை தூக்குகிறவர்கள் வந்து வாழ்த்தினார்கள். யாரோ ஒருவர் அக்கா உட்கார மெத்தை கொண்டுவந்து போட்டார். சாயங்காலம் அக்காவின் வீட்டுக்காரரே வந்து நின்றார். வேலையிலிருந்து ஓய்வுபெற்று வீட்டோடு இருக்கிற சாதுவான மனிதர்.

"சார், என்கிட்ட சொல்லாத விஷயத்தை உங்ககிட்ட சொல்லியிருக்கா. டாக்டர் என்ன சொன்னாராம்?" என்று கேட்டார். அவர் குரலில் கோபம் இல்லை. கொஞ்சம் நம்பிக்கைகூட இருந்தது. அதுதான் மேற்பார்வையாளரை வாட்டியெடுத்தது.

புருஷன் பெண்சாதி இருவரிடமும் கைகூப்பி மன்னிப்புக் கேட்டார். எதற்காக அப்படிச் சொன்னார் என்று கேட்டார்கள். "நாக்குப் புரண்டுருச்சு" என்றார். அன்றிலிருந்து அக்கா அவரிடம் சைகையில்தான் பேசினார்.

வியாழக்கிழமை வேறு வழியில்லாமல் அதிகாரியின் அறைக்குப் போனார். உள்ளதைச் சொல்லி மன்னிப்புக் கேட்டுவிடுவது என்று கதவுவரை திடமாக இருந்தார். உள்ளே போனதும் நாக்கு ஒட்டிக்கொண்டது. எதையாவது சொல்லவேண்டுமே என்று ஆரம்பித்தார்.

"அந்த மாதிரி ஆளுங்களோட வேலை செய்யறது கொஞ்சம் கஷ்டம்தான், இல்ல மேடம்?"

அதிகாரி கணினியிலிருந்து திரும்பினார். "எது கஷ்டம்?"

"எதையும் முகத்துக்கு நேரா சொல்லிடுவாங்களாமே."

"ஆமா. சொல்லாம விட்டா வேலை கெட்டுடும்."

"கேட்கிறவங்களுக்கு மனசு புண்படும்ல?"

"நீங்க புண்பட்டீங்களா?"

"ஐயோ, நானா? இல்ல மேடம்."

"பட்டா சொல்லணும். சொன்னாத்தான் தெரியும். நாலு வருஷத்துல ஒரு தடவைகூட நீங்க சொல்லலை."

எதற்கு இதைச் சொல்கிறார் என்று மேற்பார்வையாளருக்கு விளங்கவில்லை. வழக்கம்போல விளங்கியமாதிரி தலையாட்டினார். தான் இளகிய மனசுக்காரன் என்று காட்டிக்கொள்ளத் தோன்றியது.

"பாவம் மேடம். அவங்களும் மனுஷங்கதானே."

அதிகாரி மேசைமேல் கிடந்த பேனாவை எடுத்து மூடி போட்டு வைத்தார்.

"ஆமா" என்றார் அதிகாரி. "லைட்டைக் கழட்டியாச்சா?"

"கழட்டியாச்சு மேடம்."

"நன்றி" என்று கணினிப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

வெளியே வந்தபோது, எதற்கென்றே தெரியாமல் அவருக்குக் காதுமடல் சுட்டது.

வெள்ளிக்கிழமை மௌனி புதுப் பல்லோடு வந்திருந்தார். ஒரு மாதப் பேச்சையும் சேர்த்துவைத்துப் பேசிக்கொண்டிருந்தார். கடைசி முயற்சியாக மேற்பார்வையாளர் அவரை ஓரமாக இழுத்துப்போனார்.

"ஒரு அஞ்சு நிமிஷம் மேடையில பேசிடுங்க. அது உங்களுக்கு இருக்குன்னு சொன்னா போதும். என் மானம் கப்பல் ஏறாம காப்பாத்துங்க."

மௌனி அவரை ஏற இறங்கப் பார்த்தார். "சார், இருக்கிறவங்க அதைச் சொல்றதுக்கு எத்தனை யோசிச்சிருப்பாங்க. இல்லாதவன் நான் போயி விளையாட்டுக்குச் சொல்லலாமா? அசிங்கம் இல்லையா?"

அசிங்கம்தான். அந்த வாரம் முழுக்க அவர் பட்டதெல்லாம் ஒரு தட்டில், இந்தச் சொல் ஒரு தட்டில். யாரோ ஒருவர் தன்னைப் பற்றித் தானே பேசத் துணிந்திருக்கிறார். அவர் யாரென்று கேட்க இவருக்குத் துணிச்சல் வரவில்லை. ஒரு போன். ஒரே ஒரு கேள்வி. அதற்குப் பயந்து ஒருவரை இருட்டில் உட்காரவைத்து, ஒருத்தியை ஊர் சிரிக்க வைத்து, இப்போது பொய்க்கு ஆள் பிடிக்கிற அளவுக்கு வந்தாயிற்று.

கூட்ட அறை நிரம்பியிருந்தது. மினுக்குகிற விளக்கு இல்லை. ஜன்னல் வெளிச்சம் சாந்தமாக விழுந்துகொண்டிருந்தது. முன்வரிசையில் மேலதிகாரிகள். மேடையில் அதிகாரியம்மா வழக்கமான நேரான முதுகோடு உட்கார்ந்திருந்தார். கூட்டத்துக்குத் தலைமை அவராகத்தான் இருக்கும். அந்தப் பேச்சாளர் எங்கோ வரிசைகளுக்கு நடுவில், யாராவது தன்னைக் கூப்பிடுவார்கள் என்று காத்துக்கொண்டிருக்கிறார். பாவி, கூப்பிட வேண்டியவன் இங்கே விழித்துக்கொண்டு நிற்கிறான்.

மேற்பார்வையாளர் மேடைப் பக்கம் நடந்தார். மேடையின் ஓரத்தில் ஒலிபெருக்கிக்காரர் வயர்களைச் சுருட்டிக்கொண்டிருந்தார். மேற்பார்வையாளர் அவர் காதருகே குனிந்தார். வாழ்க்கையில் முதல்முறையாக அந்த வார்த்தை வாயிலிருந்து வந்தது.

"எனக்குத் தெரியாதுப்பா."

"என்ன சார்?"

"எங்க பிரிவுல ஆட்டிசம் இருக்கிற ஒருத்தர் இன்னைக்குப் பேசணும். யாருன்னு எனக்குத் தெரியாது. தெரியும்னு பொய் சொல்லிட்டேன். ஒரு மைக் குடு, இத்தனை பேர் முன்னாடி மன்னிப்புக் கேட்டு அவங்களைக் கூப்பிடறேன். அப்புறம் அந்த மைக்கை அவங்க கையில குடுத்துடு."

ஒலிபெருக்கிக்காரர் மேடையைப் பார்த்தார். பிறகு இவரைப் பார்த்தார்.

"அவங்க கையில அப்பவே குடுத்துட்டேனே சார். உங்க மேடம்தானே?"