பதினெட்டு செக்கன் கூரை

மனித நாகரிகம் இரண்டே கட்டங்களில் வளர்ந்தது. முதல் கட்டத்தில் மனிதன் தலைக்கு மேலே கூரை போடக் கற்றுக்கொண்டான். இரண்டாம் கட்டத்தில், போட்ட கூரையைத் திறக்கக் கற்றுக்கொண்டான். முதல் கட்டம் எங்கே ஆரம்பித்தது என்று அறிஞர்கள் இன்னும் அடித்துக்கொள்கிறார்கள். இரண்டாம் கட்டத்தைப் பற்றிச் சந்தேகமே வேண்டாம். அது கேகாலை மாவட்டம், புளத்கொகுபிட்டியவுக்கு மேலே கிளென்டார்வி இறப்பர் தோட்டத்து எல்லையில், என் வீட்டு வாசலில், போன மே மாதம் இரண்டாம் திகதி காலை பத்தேகாலுக்கு ஆரம்பித்தது.

அன்றைக்குத்தான் என் மகள் அனிற்றாவும் மருமகனும் மெல்போர்னுக்குக் குடிபோகிற அவசரத்தில் தங்கள் காரை என் தலையில் கட்டிவிட்டுப் போனார்கள். "தலையில் கட்டி" என்பது என் மனைவி திரேசாவின் சொல். நான் "உரிய முறையில் ஒப்படைத்து" என்று பதிவு செய்கிறேன். முப்பத்தாறு வருடம் அதே தோட்டத்து ஆபீசில் கிளாக்கராகவும் பிறகு பெரிய கிளாக்கராகவும் இருந்து ஓய்வுபெற்றவன் நான். எதையும் உரிய முறையில் பதிவு செய்யாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது.

கார் தக்காளிச் சிவப்பு. இரண்டே சீட். ஒரு பட்டனை அமுக்கினால் டிக்கி வாயைப் பிளக்கும், கூரை எழுந்து இரண்டாக மடியும், போய் டிக்கிக்குள் படுத்துக்கொள்ளும். மறுபடி அமுக்கினால் மறுபடி வந்து மூடும். போக பதினெட்டு செக்கன், வர பதினெட்டு செக்கன். முதல் நாள் மட்டும் நாற்பத்தோரு தடவை சரிபார்த்தேன். ஒரு செக்கன்கூடப் பிந்தவில்லை. எங்கள் ஆபீசில் இருந்திருந்தால் அந்தக் கூரைக்கு வேலை நிரந்தரமாகியிருக்காது.

முதல் அனுபவங்களைச் சொல்கிறேன். அதில் உட்கார்ந்தால் உலகமே உயர்ந்துவிடுகிறது. நாய்கள் என்னைச் சமமாக நடத்தின. கோழிகள் குனிந்து பார்த்தன. ஏறுவது சுலபம், விழுந்தால் போதும். இறங்கத்தான் இரண்டு ஆட்களும் ஒரு ஜெபமும் வேண்டும்.

முதல் சவாரிக்குத் திரேசாவை ஏற்றிக்கொண்டேன்.

"வெயில் மண்டையப் பொளக்குதுங்க. மூடியைப் போடுங்க."

"மூடி இல்ல, கூரை. மூடினா, இது தொறக்கிற காருன்னு ஊருக்கு எப்படித் தெரியும்?"

அவள் குடையை விரித்தாள். குடை பிடித்தபடி நாங்கள் புளத்கொகுபிட்டிய டவுனுக்குள் நுழைந்தபோது ஒரு பொலிஸ்காரர் கையைக் காட்டி நிறுத்தினார். "மாமே, வஹலே கோ?" என்றார். கூரை எங்கே என்கிறார். டிக்கிக்குள் இருக்கிறது என்று நான் சிங்களத்தில் பணிவோடு தெரிவித்தேன். திறக்கச் சொல்லிப் பார்த்தார். இருந்தது. காரை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார்.

"அப்ப சாமான் எங்க வைப்பீங்க?" என்று கடைசியில் கேட்டார்.

அதற்குப் பதில் திரேசா மடியில் இருந்தது. பத்துக் கிலோ அரிசியும், அதற்கு மேல் ஒரு பலாக்காயும். வீடு வரும்வரை அவள் மாதாவோடு மட்டும்தான் பேசினாள்.

இவ்வளவு பெரிய முன்னேற்றத்தை டவுனுக்கு மட்டும் காட்டிவிட்டு விடுவது நியாயமில்லை. தோட்டத்துச் சனமும் பார்க்கட்டும் என்று அடுத்த ஞாயிற்றுக்கிழமை காரைத் தொழிலாளர் வரிசை வீடுகளில் ஏழாம் நம்பர் லயத்து முன்னால் கொண்டுபோய் நிறுத்தினேன். கூட்டம் கூடியது. நான் தொண்டையைச் செருமினேன், பட்டனை அமுக்கினேன். கூரை எழுந்தது, மடிந்தது, படுத்தது. பிள்ளைகள் கை தட்டின.

வெள்ளையம்மா மட்டும் தட்டவில்லை. ஏழாம் லயத்து நாலாம் காம்பராக்காரி, அந்த ஓர் அறைதான் வீடு. புருஷன் இல்லை. மரத்துக்கு ரெயின்கார்ட் கட்டுவதில் அவளை மிஞ்ச அந்த டிவிஷனில் ஆள் இல்லை. பால் வெட்டுகிற இடத்துக்கு மேலே மழைத்தண்ணீர் இறங்காமல் மரத்துக்கு மரம் பொலித்தீன் பாவாடை கட்டுவார்களே, அந்த வேலை.

"இதுக்கா கிளாக்கரய்யா இம்புட்டு ஆர்ப்பாட்டம்?" என்றாள். "எங்கூட்டுக் கூரை, வருஷம் பொறந்த மறுநா அடிச்ச காத்துல ஒரு செக்கன்ல தொறந்திருச்சு. பட்டனும் இல்ல, ஒரு எழவும் இல்ல. நாலு தகரம். அந்தால பள்ளத்துல போய் விழுந்துச்சு."

சனம் சிரித்தது. நான் விடுவேனா?

"தொறக்கிறது யாருக்கும் முடியும் வெள்ளையம்மா. மூடுறதுலதான் விஞ்ஞானம் இருக்கு. உன்னோடது மூட எவ்வளவு நேரம் எடுக்குது?"

"அதத்தாங்க ஆபீஸ்ல கேட்டிருக்கு. இன்னும் மூணு கெழமையில எம்மக தர்மிளா மொதப் பேறுக்கு இங்கதான் வாறா. புள்ளத்தாச்சிய ஆகாசத்துக்குக் கீழயா படுக்கப் போடுறது? ஒங்க பேச்சுக்கு ஆபீஸ்ல மருவாதி இருக்கு. ஒரு வார்த்த சொல்லிப் பாருங்கய்யா."

சிவப்புக் காரில் போய் ஆபீஸ் வாசலில் இறங்க ஒரு காரணம் கிடைத்ததே என்ற ஒரே நல்ல நோக்கத்தோடு நான் ஒத்துக்கொண்டேன்.

மறுநாள் காலை நலன்புரி உத்தியோகத்தர் தம்பி சுதர்சன் என்னை எழுந்து நின்று வரவேற்றார். காரை ஜன்னல் வழியாக இரண்டு தரம் பாராட்டினார். பிறகு வெள்ளையம்மாவின் விண்ணப்பத்தை எடுத்தார். படிவம் ஒழுங்காக நிரப்பியிருந்தது. "கூரை திறந்திருப்பதற்குக் காரணம்: காற்று, மரம், குரங்கு, வேறு" என்ற இடத்தில் "காற்று" என்பதற்கு அடியில் கோடு போட்டிருந்தாள்.

"எல்லாம் சரியாத்தான் இருக்கு சேர். பரிசோதனை ஒண்டுதான் பாக்கி."

"அப்ப வாங்க, இப்பவே போவோம். கூரையைத் தொறந்துவிட்டுக்கிட்டே போகலாம்."

"இப்ப வந்து பிரயோசனம் இல்ல சேர். மழை இல்லையே. கசிவு, கசிந்துகொண்டிருக்கும்போதுதான் பார்க்கணும். அது ரூல்."

"சரி, மழை பெய்யும்போது வாங்க."

"மழை பெய்யும்போது வெளிய போகக்கூடாது சேர். அதுவும் ரூல்."

நான் நாற்காலியில் சாய்ந்துகொண்டேன். மழை இல்லாதபோது பார்க்க ஒன்றுமில்லை, மழை இருக்கும்போது பார்க்க ஆளில்லை. இரண்டே வாக்கியம், நடுவில் ஒரு முற்றுப்புள்ளி! எத்தனையோ தோட்டங்கள் தகரம் வாங்கியே சீரழிந்தபோது எங்கள் தோட்டம் ஒரு முற்றுப்புள்ளியை வைத்தே அத்தனை லயத்தையும் காப்பாற்றி வந்திருக்கிறது. இதை எழுதியவன் எவனோ, அவனுக்கு, காலையில் ஆட்களைக் கூட்டி வேலை பிரிக்கிற பெரட்டுக்களத்தில் ஒரு சிலை வைக்க வேண்டும் என்று சுதர்சனிடமே சொன்னேன். அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். அடக்கமான பிள்ளை.

"அதோட சேர், இன்னொரு சிக்கல். நாலு தகரமும் போயிட்டு. இதை 'கசிவு' எண்டு சொல்லலாமா எண்டு மேலிடத்துல கேட்டிருக்கோம். கசியணும்னா கூரை இருக்கணும் இல்லையா?"

வாசலில் வெள்ளையம்மா நின்றுகொண்டிருந்தாள். கையில் ரெயின்கார்ட் கட்டுகிற பொலித்தீன் சுருள்.

"ஐயா, தகரம் வர்றவரைக்கும் இந்தப் பொலித்தீன்ல நாலு பாகம் குடுங்க. நானே மேல ஏறி இழுத்துக் கட்டிக்கிறேன்."

சுதர்சன் பதறிவிட்டார். "அது மரத்துக்கு வந்தது! மழை பட்டா பால் கெட்டுப்போகும், தெரியாதா உங்களுக்கு?"

"தெரியுங்க. எம்மகளும் வார மாசம் பால் குடுக்கப் போறவதாங்க."

இதற்குப் படிவத்தில் கட்டம் இல்லை. எனவே சுதர்சன் பேனாவை மூடி வைத்தார். நான் கூரையைத் திறந்து, மூடி, திறந்து, வீட்டுக்கு வந்துவிட்டேன்.

தர்மிளாவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. ஆஸ்பத்திரியில் துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்புகிற நாளில், வருவதாகச் சொன்ன ஆஸிக்கின் த்ரீவீல் யட்டியாந்தோட்டையில் படுத்துவிட்டது. நான் முந்திக்கொண்டேன். இந்தத் தோட்டத்தில் பிறந்த எந்தப் பிள்ளை திறந்த காரில் ஊர்வலமாக வீடு வந்திருக்கிறது? வெள்ளையம்மா முதல் பஸ்ஸில் போய்விட்டாள், வீட்டை ஒதுக்கி வைக்க. தர்மிளா பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"மாமா, மேல ஒண்ணும் இல்லையே. பயமா இருக்கு."

"வெயில் நல்லதும்மா. பழகிக்கட்டும்."

பாதி மலை ஏறியதும் வானம் கறுத்தது. சொட்டு விழுந்தது. நிறுத்தினேன், பட்டனை அமுக்கினேன். பதினெட்டு செக்கன். பிள்ளை தூங்கிக்கொண்டே வந்தது. என் வாழ்நாளில் நான் செய்த வேலைகளிலேயே உரிய நேரத்தில் முடிந்தது அது ஒன்றுதான்.

ஏழாம் லயத்துக்கு வந்தபோது மழை கொட்டியது. நாலாம் காம்பரா வாசலில் வெள்ளையம்மா முழுக்க நனைந்து நின்றாள். உள்ளே கட்டிலுக்கு மேல் பாயைச் சாய்த்து வைத்திருந்தாள். பாயிலிருந்து தண்ணீர் ஊற்றியது. நான் ஜெபம் இல்லாமலே காரைவிட்டு இறங்கிவிட்டேன்.

அவள் உள்ளேயும் பார்த்தாள், காரையும் பார்த்தாள்.

"ஐயா, கோவிச்சுக்காதீங்க. தாயும் புள்ளையும் இதுக்குள்ளேயே இருக்கட்டும். இந்த லயத்துல மூடுற கூரை இது ஒண்ணுதான் இருக்கு."

இருபது நிமிஷம் ஆகவில்லை, தோட்டத்து வரலாற்றில் நடக்காதது நடந்தது. கொட்டுகிற மழையில், குடையோடு, சேற்றில் வழுக்கி வழுக்கி நலன்புரி உத்தியோகத்தர் வந்து சேர்ந்தார்.

"வந்துட்டீங்களா தம்பி! மழையும் இருக்கு, நீங்களும் இருக்கீங்க. உள்ள எட்டிப் பாருங்க!"

"அதுக்கு வரல்ல சேர்," என்றார் மூச்சு வாங்க. "லயத்து வாசல்ல அனுமதி இல்லாம வாகனம் நிக்குதுன்னு தோட்டத்துத் துரை கண்டுட்டார். உடனே போய்ப் பார்க்கச் சொன்னார். கூரைக்கு நான் மழையில வரவே இல்லன்னு வெச்சுக்கோங்க. ரூல் இருக்கு சேர்."

"எங்க இருக்கு உங்க ரூல்? காட்டுங்க."

பைக்குள்ளிருந்து எடுத்தார். லெமினேட் செய்திருந்தார்கள். மரத்துக்கு மாதிரியே அதற்கும் பொலித்தீன். இரண்டு வாக்கியம், நடுவில் என் அபிமான முற்றுப்புள்ளி. கீழே கையெழுத்து. அந்த "அ"வின் வாலை அப்படிச் சுழிப்பவன் இந்த மாவட்டத்தில் ஒருவன்தான். அ. அருள்தாஸ், பெரிய கிளாக்கர். தொண்ணூற்றெட்டாம் வருடம்.

"நீங்க சிலை வைக்கச் சொன்னப்பவே சொல்லியிருப்பேன் சேர்," என்றார் சுதர்சன் தரையைப் பார்த்தபடி. "விளையாடுறீங்கன்னு நெனச்சேன்."

வெள்ளையம்மா என் தோளுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"எழுத்து அழகா இருக்குங்கய்யா," என்றாள். "இருபது இருவத்தஞ்சு வருஷ மழையில ஒரு சொட்டுக்கூடப் படல்ல பாருங்க."

அதற்குள் திரேசா குடையோடு வந்துவிட்டாள். கார்க் கதவைத் திறந்தாள், பிள்ளையைத் தூக்கி நெஞ்சோடு அணைத்தாள், என்னைப் பார்த்தாள்.

"நம்ம ஹாலுக்கும் கூரை இருக்கேங்க. பட்டன் இல்லாததால ஞாபகம் வரல்லையோ?" பிறகு வெள்ளையம்மாவிடம், "நீயும் வா, தகரம் வர்ற வரைக்கும் அங்கதான்," என்று சொல்லிவிட்டுத் தாயையும் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு நடந்தாள்.

வெள்ளையம்மா போகவில்லை. தகரம் எப்போது வரும் என்று தெரியாமல் அவள் நகரமாட்டாள் போலிருந்தது.

சுதர்சனின் பையில் அவள் படிவமும் இருந்தது. வாங்கினேன். அவர் குடைக்குக் கீழேயே வைத்து, "காற்று" என்பதை அடித்தேன். "வேறு" என்ற கோட்டில் வால் சுழித்து எழுதினேன்: அ. அருள்தாஸ், பெரிய கிளாக்கர், ஓய்வு.

"சேர், இப்படி எழுதினா மேலிடத்துல ஏத்துக்க மாட்டாங்க."

"ஏன்?"

"காரணத்தை உத்தியோகத்தர் நேர்ல பரிசோதிக்கணும்."

"பரிசோதிங்க தம்பி," என்றேன், குடையைவிட்டு வெளியே வந்து. "மழை பெய்யுது. நீங்க இருக்கீங்க. காரணம் முன்னால நனைஞ்சுக்கிட்டு நிக்குது."