விளக்கெண்ணெய் சாட்சி

ஒரு மனிதனுடைய மதிப்பு அவன் சட்டைப் பைக்கு வெளியே தெரிய வேண்டும் என்று திருப்பூர் பனியன் முதலாளிகள் ஒருமனதாக முடிவு செய்த வருடம் 1995. அதை மதித்து வேலம்பாளையம் வெள்ளியங்கிரியும் ஒரு கிரெடிட் கார்டு வாங்கினார். அது பளிச்சென்று தெரிய மெல்லிய வெள்ளைச் சட்டைகள் தைத்துக்கொண்டார். திருப்பூரில் அந்தக் கார்டை ஏற்கும் கடைகள் குறைவு. ஆகையால் காபி குடிக்கக்கூடக் காரில் கோயம்புத்தூர் போய்வந்தார்.

அவர் மனைவி சாரதாமணியின் வீட்டுக் கணக்கு முழுவதும் சுவரில் தொங்கியது. நூல் கடைக்காரர் கொடுத்த முருகன் படம் போட்ட மாதக் காலண்டர் அது. பாலுக்கு ஒரு கோடு. மளிகை, மருந்து எல்லாம் அந்தந்தத் தேதிக் கட்டத்தில் பொடி எழுத்தில். மாதம் பிறந்தால் எதெதற்கு எவ்வளவு என்று ஒதுக்கிவிடுவாள். கார்டையும் அவள் பால்காரரைப் போலவே நடத்தினாள். மாதம் இரண்டாயிரத்துக்கு மேல் கூடாது. தேய்த்த அன்றே சிவப்பு மையில் குறித்தாக வேண்டும். இதை வெள்ளியங்கிரி மற்ற முதலாளிகளிடம் சொன்னதில்லை.

மார்ச் மாத பில் வந்தது. பில்லைப் படிப்பது கௌரவக் குறைச்சல் என்பதால் வெள்ளியங்கிரி நேரே செக் எழுத உட்கார்ந்தார். சாரதாமணி பில்லை வாங்கிக் காலண்டரோடு வரி வரியாக ஒத்துப் பார்த்தாள். ஒரு வரிக்கு மட்டும் சிவப்பு மை இல்லை. ஒன்பதாம் தேதி, பெங்களூர் நகைக்கடை, ஜோடி வளையல், பதினாலாயிரத்து அறுநூறு.

"ஏனுங்க, வளையல் எங்கீங்க?"

"எந்த வளையல் புள்ள? நான் பெங்களூர் போயே ரெண்டு வருசமாச்சு."

உண்மையைத்தான் சொன்னார். ஆனால் அவர் முழித்த முழியைப் பார்த்த யாரும் நம்பியிருக்க மாட்டார்கள். சாரதாமணியும் நம்பவில்லை. ஒன்பதாம் தேதிக் கட்டத்தைப் பார்த்தாள். 'விளக்கெண்ணெய் நாலு ரூபாய், மோர் ஆறு ரூபாய்' என்றிருந்தது. சந்தேகம் தீர்ந்தது. அன்றைக்கு அவர் பேதிக்குச் சாப்பிட்டிருந்தார். பெங்களூர் என்ன, தெருமுனைக்குக்கூட அவரால் போயிருக்க முடியாது.

"கெளம்புங்க, பேங்குக்குப் போலாம்."

"பணம் போனாப் போகுது. பேதி சமாச்சாரத்தைப் பேங்குல போய்ச் சொல்றதா? கிளப்புல நான் துணைத் தலைவரு."

"வளையலும் இல்லாம, பணமும் போயி, கெட்ட பேரும் எதுக்குங்க?"

பேங்க் மேனேஜர் அங்கமுத்து புகாரைப் பொறுமையாகக் கேட்டார். பிறகு வெள்ளியங்கிரியின் பக்கம் குனிந்து, ரகசியமாக, எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார்.

"ஊட்டம்மாவைச் சமாதானம் பண்ண ஒரு கம்ப்ளெயிண்டுங்களா? நாலு நாள்ல அவங்களே மறந்துருவாங்க."

"நான் வாங்கவே இல்லீங்க."

"வாங்குனதுக்கு ரசீது இருக்குதுங்க. வாங்காததுக்கு ரசீது வெச்சிருக்கீங்களா?" என்று நகைக்கடை அனுப்பிய கையெழுத்துச் சீட்டை எடுத்து வைத்தார்.

"இந்தச் சீட்டுல இருக்கறது என்ற கையெழுத்தே இல்லீங்க."

"உங்க கையெழுத்தைவிட நல்லா இருக்குதுங்க. நல்லா இருக்கறதை ஆட்சேபிக்க விதி இல்லீங்களே."

சாரதாமணி காலண்டரை மேஜைமேல் விரித்தாள். மருந்துக் கடை ரசீதையும் வைத்தாள்.

"எண்ணெய் வாங்குனீங்க, சரிங்க. பேதி ஆச்சுன்னு எப்படிங்க நம்பறது?" என்றார் மேனேஜர்.

"அப்பறம் எதுக்குங்க ஆறு ரூபாய்க்கு மோரு?"

மேனேஜர் பேனாவைத் திறந்தார். "எத்தனை தடவைங்க?"

துணைத் தலைவர் தலையைக் குனிந்துகொண்டார். "ஏழுங்க" என்றாள் சாரதாமணி.

காலண்டர் அசல் ஆவணமாகப் பேங்கில் சேர்க்கப்பட்டது. முருகன்மேல் சீல் குத்தக் கூடாது என்று பியூன் ஆட்சேபித்ததால் பின்பக்கம் குத்தினார்கள். இரண்டு மாதம் கழித்து உத்தரவு வந்தது: 'மேற்படி கார்டுதாரர் மேற்படி தேதியில், மேற்படி உபாதையின் நிமித்தம், தமது வீட்டின் பின்பக்கம் நீங்கலாக வேறெங்கும் சென்றிருக்க முகாந்திரமில்லை என்பதில் தலைமை அலுவலகம் திருப்தியடைகிறது.' கோயம்புத்தூர் ஓட்டலில் ஒருவன் கார்டை மிஷினில் இரண்டு முறை தேய்த்து, இரண்டாவது சீட்டைப் பெங்களூரில் இருந்த கூட்டாளிக்கு அனுப்பியிருக்கிறான்; அவன் அதில் கையெழுத்துப் போட்டு வளையல் வாங்கியிருக்கிறான். பணம் முழுவதும் திரும்பி வந்தது, காலண்டரும் வந்தது.

கூடவே ஒரு சுற்றறிக்கையும் வந்தது. இனிமேல் 'நான் வாங்கவில்லை' என்று சொல்லும் எவரும் அந்தத் தேதியிட்ட விளக்கெண்ணெய் ரசீதை இணைக்க வேண்டும்.

பில்லை வரி வரியாகப் பார்க்கும் பழக்கம் ஊரில் ஒருத்தருக்கும் வரவில்லை. விளக்கெண்ணெய் ரசீதை மட்டும் எல்லா முதலாளிகளும் கார்டுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டார்கள். மருந்துக் கடை நல்லான் எந்தத் தேதி கேட்டாலும் போட்டுக் கொடுத்தார். பழைய தேதிக்கு அஞ்சு ரூபாய் கூடுதல். அவர் கடை வரிசையில் முதல் ஆளாக மேனேஜர் அங்கமுத்து நின்றார்.

ஆடி மாதத்தில் ஒருநாள் துணி துவைக்க எடுத்த சாரதாமணி, வெள்ளைச் சட்டைப் பையில் ஒரு விளக்கெண்ணெய் ரசீதைப் பார்த்தாள். போன வியாழக்கிழமைத் தேதி. காலண்டரைப் போய்ப் பார்த்தாள். அந்தக் கட்டத்தில் பெட்ரோல் இருந்தது, விளக்கெண்ணெய் இல்லை.

"ஏனுங்க, வியாழக்கெழமை கார்ல கோயம்புத்தூர் போயிட்டு ராத்திரிதான வந்தீங்க? பேதியோட அத்தனை தூரம் எப்படிங்க போனீங்க?"

"அது சும்மா புள்ள. எல்லாரும் வெச்சிருக்காங்களேன்னு வாங்குனேன்."

"சரிங்க" என்று ரசீதைக் காலண்டர் ஆணியில் குத்தினாள் சாரதாமணி. "பில்லு வரட்டுங்க."