வாகை வரும்வரை பொறுங்கோ

சொல்லின் வேரைத் தோண்டிக் காட்டாமல் எந்தப் பேச்சையும் முடிக்க முடியாத மனிதர்கள் ஓர் இனம். நல்லவர்கள். ஒலிவாங்கியைக் கொடுக்காதவரை மிக நல்லவர்கள்.

ஆவணி முதல் சனிக்கிழமை, பதுளையில் நடந்த மாகாணத் தெரிவுப் போட்டிக்கு வேன் புறப்பட்டது. சுபாஜினி அதில் இல்லை. காரணம், அந்த இனத்தைச் சேர்ந்த பத்மநாதன் சேர். ஓய்வுபெற்ற கல்வி அதிகாரி.

அதற்கு முந்திய ஞாயிறு, நமுனுகுல தேயிலைத் தோட்ட மைதானத்தில் வலைப்பந்து இறுதியாட்டம். வென்ற அணிக்குத்தான் பதுளை. இருபத்துமூன்று வயதுக்கு மேல் தெரிவில் இடமில்லை. தோட்ட அணிக் கப்டன் சுபாஜினிக்கு மார்கழியில் இருபத்துநான்கு. நாலு மணிக்குப் பனிமூட்டம் இறங்கிவிடும் என்பது அங்கே ஆட்டுக்குட்டிக்கும் தெரியும். மூன்று மணிக்குப் பிரதம விருந்தினரான சேரிடம் இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள். அவர் ஒன்றைத்தான் எடுத்துக்கொண்டார்: வாகை.

எந்த அணி வென்றாலும் ‘வாகை சூடியது’ என்று பத்திரிகையில் போடுகிறார்களே, அது எங்கிருந்து வந்தது? போர்க்களத்திலிருந்து! வென்ற மன்னன் வாகைப்பூ சூடினான். இத்துடன் உட்கார்ந்திருக்கலாம். உட்காருவாரா? பகைவரின் மாடு கவரப் போனவன் வெட்சி சூடியதில் தொடங்கி, படையெடுத்தவனுக்கு வஞ்சி, கோட்டையை வளைத்தவனுக்கு உழிஞை என்று பூவுக்குக் கால் மணி நேரமாக நடந்துகொண்டே இருந்தார்.

“சேர், மூட்டம் எறங்குதுங்க,” என்றாள் சுபாஜினி.

“பொறுங்கோ பிள்ளை, இன்னும் தும்பைக்கே வரேல்லை.”

“இவரு பூப்பறிச்சு முடிக்கறதுக்குள்ள நாம ஒரு மலைக் கொழுந்தப் பறிச்சிரலாம்டி,” என்றாள் பக்கத்தில் நின்ற விஜயலெட்சுமி.

வாகை வந்தபோது வளையம் தெரியவில்லை. கம்பமும் தெரியவில்லை. காசைச் சுண்டிப் போட்டார்கள். எதிரணியான பசறைக்கு விழுந்தது. “வெற்றி தோல்வி சகஜம்,” என்று சேர் கைகுலுக்கினார். ஆடாத ஆட்டத்தில் என்ன தோல்வி?

ஏழு மாதம் கழித்து அவளுடைய போனுக்கு ஒரு குரல் செய்தி. “பிள்ளை, அண்டைக்கு நான் பெரிய பிழை விட்டிட்டன். மனசை உறுத்திக்கொண்டே இருக்கு.” கொழுந்துக்கூடையை இறக்கிவைத்துவிட்டு, போனைக் காதோடு அழுத்தினாள். “வாகை எண்டா போரிலை வெல்லுறது மட்டுமில்லை. அவரவர் தொழிலிலை மேலோங்கிறதும் வாகைதான். அதைச் சொல்லாமல் விட்டிட்டன். மன்னிக்கோணும்.”

வாசகரே, சுபாஜினி அதற்கு என்ன பதில் அனுப்பினாள் என்று கேட்கிறீர்களா? தப்பித்தீர்கள். ‘வெட்சிக்கு அடுத்தது கரந்தையல்லவா, அதை விட்டுவிட்டாரே’ என்று முணுமுணுத்தீர்களா? அடுத்த பிரதம விருந்தினர் நீங்கள்தான்.