‘கொஞ்சம்’ உடைந்த நுனி

கடலோரத்தில் நண்டு உண்டு, நாரை உண்டு, இவ்விரண்டையும்விடக் கூரிய கண்ணோடு உலவும் நுனி வைத்தியரும் உண்டு. மற்றவர்கள் மீன் பிடிக்க வருகிறார்கள். அவர், யாருடைய தூண்டிற்கோலின் நுனி உடைகிறது என்று பார்க்க வருகிறார்.

எங்கள் ஜப்பானியத் துறைமுகத்து அலைதடுப்புச் சுவரில் அவருக்குத் தொகுனாகா-சான் என்று பெயர் (‘சான்’ மரியாதைக்கு). உங்கள் ஊரில் வேறு பெயர் இருக்கும். இடுப்பில் ஒரு தகரப் பெட்டி. அதற்குள் உப்புத்தாள், பசைக்குச்சி, லைட்டர் (சிகரெட்டை விட்டு இருபது வருடமாகிறது), தூண்டில் நரம்பு ஓடுவதற்கான நுனி வளையங்கள் பதினேழு அளவுகளில். தோளில் துணியுறை போட்ட சொந்தக் கோல், கீறலில்லாமல், கறையில்லாமல், நான் அறிந்தவரை கடல்நீரே படாமல். எங்காவது ‘பட்’ என்று ஒரு சத்தம் கேட்கட்டும். வந்து நிற்பார்.

முதலில் பல்லிடுக்கில் காற்றை இழுப்பார். ஸ்ஸ்ஸ். அடுத்தது விசாரணை. “இதை யாரு கார் கதவுல வச்சு நசுக்கினது?” யாரும் நசுக்கியிருக்க மாட்டார்கள். ஆனால் நசுக்கியதாக ஒப்புக்கொள்ளும்வரை வைத்தியம் தொடங்காது. ஒப்புக்கொண்டதும் “ஒரு நிமிஷம்” என்பார். அந்த ஒரு நிமிஷத்துக்குச் சராசரியாக ஐம்பத்திரண்டு நிமிஷம். கடிகாரம் வைத்துக் குறித்திருக்கிறேன். பதினான்கு ஆண்டுகளில் அறுபத்து மூன்று நுனிகள் அவர் கைக்குப் போயின. ஒன்பது தேறின. அந்த ஒன்பதில் மூன்று, போகும்போதே நன்றாக இருந்தவை.

வேண்டாம் என்று சொல்லிவிட்டால் போயிற்று என்கிறீர்களா? முகத்துக்கு நேரே அப்படிச் சொல்லும் வழக்கம் எங்களிடம் கிடையாது. “அது கொஞ்சம்...” என்று இழுத்து நிறுத்துவோம். மிச்சத்தை எதிரில் இருப்பவர் புரிந்துகொண்டு விலகிவிட வேண்டும். மூன்று வயதுப் பிள்ளைக்கும் புரியும். நுனி வைத்தியருக்குப் புரியாது.

சென்ற அக்டோபரில் நடந்த போட்டியைப் பாருங்கள். சினு என்று நாங்கள் சொல்லும் கறுப்பு மீனைப் பிடிக்க வேண்டும். பதினொரு மணிக்குச் சங்கு ஊதும்போது யார் மீன் நீளமோ அவருக்கு வெற்றி. சோயா சாஸ் கிடங்கில் வேலை பார்க்கும் கஜிதானி-சான் என்ற அம்மாள் நான்கு ஆண்டுகளாக இரண்டாமிடம். நான்கு ஆண்டும் முதலிடம் முனெயோகா-சான். ஒவ்வொரு முறையும் பரிசை வாங்கிக்கொண்டு அவர் திரும்பி, “பொம்பளைக்கு இது பெரிய மீன்தான்” என்று அந்த அம்மாளைப் பாராட்டுவார். இந்த முறை அவருடைய மீன் நாற்பத்து மூன்றரை சென்டிமீட்டர். கஜிதானி-சானுடையது நாற்பத்தொன்று. ஒன்பது ஐம்பதுக்கு அந்த அம்மாளின் கோல் சுவரில் இடித்து, நுனியில் நாலு விரற்கடை முறிந்தது.

பத்து நிமிட வேலை. முறிந்த இடத்தைத் தேய்த்து, சற்று அகன்ற வளையத்தைப் பசை உருக்கி மாட்டினால் முடிந்தது. அவரே தேய்க்கத் தொடங்கியும் விட்டார். நிழல் விழுந்தது.

“ஸ்ஸ்ஸ்... கஜிதானி-சான், இப்படியா தேய்ப்பாங்க? குடுங்க இப்படி.”

“இல்லீங்க தொகுனாகா-சான், அது கொஞ்சம்...”

“கொஞ்சந்தான் உடைஞ்சிருக்கு, தெரியுது. நிறைய உடைஞ்சிருந்தாத்தான் என்ன? நான் எதுக்கு இருக்கேன்?”

“நேரம் வேற கொஞ்சம்...”

“ஒரே நிமிஷம்! ரீலைக் கழட்டிக்குங்க. என் கோலைப் பிடிங்க. கீழ வச்சிடாதீங்க, மண்ணு ஒட்டும்.”

பத்து மணிக்குப் பசையின் வகைகள் விளக்கப்பட்டன. பத்தேகாலுக்கு, இரண்டாவது வளையமும் மயிரிழை கோணல் என்று கண்டுபிடிக்கப்பட்டது. அதைக் கழற்ற லைட்டர் சுடரைக் காட்டினார். காட்டிக்கொண்டே, போன வருடம் குணப்படுத்திய ஒரு நுனியின் வரலாற்றைச் சொன்னார். வரலாறு முடிவதற்குள் கோல் கொப்புளித்து, இன்னும் ஒரு சாண் அவர் கையோடு வந்தது.

“பாத்தீங்களா? உள்ளுக்குள்ள முன்னாடியே விரிசல் இருந்திருக்கு. நான் பாத்ததால தெரிஞ்சுது!”

கஜிதானி-சான் கடலைப் பார்த்தார். நீர் ஏறிக்கொண்டிருந்தது. மணி பத்து முப்பத்தைந்து.

“தொகுனாகா-சான், உங்க கோலைக் கொஞ்சம்...”

“ம்? ம்.” அவர் தலை நிமிரவில்லை.

உறை கழன்றது. ரீல் பொருந்தியது. நரம்பு வளையங்களுக்குள் ஓடியது. குட்டி நண்டைக் கோத்த முள் தண்ணீரில் விழுந்த சத்தத்துக்குத்தான் வைத்தியர் நிமிர்ந்தார்.

“அய்யய்யோ! கஜிதானி-சான், அது... அது கொஞ்சம்...”

“கொஞ்ச நேரந்தாங்க. ஒரே நிமிஷம்.”

“தொகுனாகா-சான், ஏன் இப்படி வெளுத்துட்டீங்க?” என்று அந்தப் பக்கத்திலிருந்து முனெயோகா-சான் கத்தினார். “தண்ணில விழுந்தது முள்ளா, நீங்களா?”

பத்து ஐம்பத்திரண்டுக்கு நரம்பு இழுபட்டது. கோல் வில்லாக வளைந்தது. சுவரில் இருந்த முப்பத்தெட்டுப் பேரும் தண்ணீரைப் பார்த்தோம். ஒருவர் மட்டும் நுனியைப் பார்த்தார்.

“தூக்காதீங்க! நுனி! நுனி!”

“மீனு போனா பழியை உங்க தலையிலதான் போடுவேன்! வலையை நீட்டுங்க!” என்றார் கஜிதானி-சான். அவ்வளவு நேரடியாக எங்கள் ஊரில் யாரும் யாரிடமும் பேசி நான் கேட்டதில்லை. வைத்தியர் கைவலையை நீட்டினார். மீன் வலைக்குள் விழுந்த அதே நொடியில், ‘பட்’.

நாற்பத்து நான்கு புள்ளி ஒன்று. ஆறு மில்லிமீட்டர் கூடுதல். முனெயோகா-சான் அளவுகோலை இரண்டு முறை குனிந்து பார்த்தார்.

“கவலைப்படாதீங்க முனெயோகா-சான்,” என்றார் கஜிதானி-சான். “ஆம்பளைக்கு இது பெரிய மீன்தான்.”

சுவரே சிரித்தது. தொகுனாகா-சான் காதில் எதுவும் விழவில்லை. தன் கோலின் முறிந்த நுனியை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். புத்தாண்டு விடியலில் கோயில் வாசலில் நிற்பவரின் முகம். சம்மணமிட்டு உட்கார்ந்து தகரப் பெட்டியைத் திறந்தார்.

கஜிதானி-சான் வென்றதில் உங்களுக்கு மகிழ்ச்சி என்றால், நீங்கள் பிழைத்தீர்கள். ஆனால், லைட்டர் சுடரைக் காட்டினார் என்று நான் எழுதிய வரியில், ‘உலோகத்தில் மட்டுமல்லவா காட்ட வேண்டும்’ என்று உங்கள் உதடு அசைந்ததா? மீனை விட்டுவிட்டு, உடைந்த அந்த இரண்டு கோல்களையும் ஒரே ஒருமுறை கையில் வாங்கிப் பார்த்தால் தேவலை என்று இந்த நிமிஷமும் தோன்றுகிறதா? அடுத்த போட்டிக்கு அவசியம் வாருங்கள். கைகளைச் சட்டைப்பைக்குள் விட்டு, பையைத் தைத்துக்கொண்டு வாருங்கள்.