முக்கால் வரி மாப்பிள்ளை

மனித குலத்தில் பொதுநலவாதி என்றொரு இனம் உண்டு. அவசரப்பட்டுக் கை கூப்பிவிடாதீர்கள். நான் சொல்லும் பொதுநலவாதி வாயைத் திறந்தால் முதலில் வருவது "எனக்காகச் சொல்லல" என்பது. அதற்குப் பிறகு வருவதெல்லாம் அவருக்காகத்தான். தன் வாசலுக்குத் தெருவிளக்கு வேண்டுமென்றால் ஊரின் இருட்டை நினைத்து அரைமணி நேரம் கண்கலங்குவார். பக்கத்து வீட்டு மரம் தன் சன்னலை மறைத்தால், அந்த மரத்தின் உடல்நிலை பற்றிக் கவலைப்படுவார். இந்த இனம் எல்லா நாட்டிலும் விளைகிறது. ஆனாலும் ஸ்காட்லாந்தின் கிழக்குக் கரையில், எங்கள் இன்வர்கெல்டியில் விளைந்த லாக்லன் பெட்ரியைப் போல நன்றாக முற்றிய ஒன்றை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

லாக்லன், ஓட்டுநர் உரிமத் தேர்வு நடத்தும் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி இறந்து ஒன்பது வருடம். ஐந்து படுக்கையறை கொண்ட கருங்கல் வீடு, சின்ன ஓய்வூதியம், ஒரு பூனை. எங்கள் ஊராட்சியான கவுன்சிலுக்குக் கட்டும் வரியை வீட்டு மதிப்பைப் பார்த்துப் போடுவார்கள். வீட்டில் வயது வந்தவர் ஒரே ஒருவர் என்றால் கால் பங்கு தள்ளுபடி. அந்தக் கால் பங்கை லாக்லன் கண்ணை இமை காப்பதுபோல் காத்தார். பூனைக்குப் பதினெட்டு வயது நிறைந்தபோது, அது வயது வந்தவராகக் கணக்கில் சேருமா என்று கவுன்சிலுக்கே கடிதம் எழுதிக் கேட்டார். சேராது என்று வந்த பதிலுக்குக் கண்ணாடிச் சட்டம் போட்டு நடுக்கூடத்தில் மாட்டினார்.

பூனையால் வந்த ஆபத்து நீங்கியது. எஃபியால் வந்த ஆபத்துதான் நீங்கவில்லை.

எஃபி ரென்னி எங்கள் கடைத்தெருவில் சலூன் நடத்தும் அம்மாள். கணவரை இழந்தவர், அறுபத்தொரு வயது. ஏழு வருடமாக இருவருக்கும் பழக்கம். அந்த அம்மாள் லாக்லனை மனதார நேசித்தார். ஏன் என்று என்னைக் கேட்காதீர்கள், ஊரில் ஒருவருக்கும் தெரியாது. தேநீருக்கு வரும்போது வீட்டுக்குள் போடும் தன் செருப்பைப் பையில் கொண்டுவந்து, பையிலேயே திருப்பி எடுத்துப் போக வேண்டும். ஒரு ஜோடிப் பெண்கள் செருப்பு போதாதா, கவுன்சில்காரன் வந்து பார்த்துவிட்டால்? அதே முன்னெச்சரிக்கையில் வீட்டிலிருந்த இரண்டாவது கோப்பையையும் லாக்லன் ஒழித்துக்கட்டியிருந்தார். ஏழு வருடமும் எஃபி தேநீர் குடித்தது, மாவுக்குத் தண்ணீர் அளக்கும் குடுவையில்.

"ஏங்க, கல்யாணத்தைப் பத்தி ஏதாவது யோசிச்சீங்களா?" என்று குடுவையைக் கீழே வைத்துக்கொண்டே கேட்பார்.

"யோசிக்காம இருப்பேனா எஃபி? ஆனா கட்டிக்கிட்டா வரி ஏறும்னு ஒரு நாடு சொன்னா, அதுல மனுஷன் எப்படிம்மா காதலிக்கிறது? எனக்காகச் சொல்லல. நாட்டுல இருக்கிற காதலர்களுக்காகச் சொல்றேன்."

இந்த நிலையில்தான் அரசாங்கம் ஒரு யோசனையை வெளியிட்டது. வீட்டின் மேல் போடும் வரியை ஒழித்துவிட்டு, அவரவர் வருமானத்தின் மேல் உள்ளூர் வரி போடலாமாம். லாக்லன் துள்ளிக் குதித்தார். பெரிய வீடு, சின்ன வருமானம்! தள்ளுபடியே வேண்டாமே! சட்டம் நிறைவேறிய மறுநாள் கல்யாணம் என்று எஃபியிடம் வாக்குக் கொடுத்தார். அந்த அம்மாளும், பாவம், நீல நிறத்தில் ஒரு தொப்பி வாங்கினார். லாக்லன் வீடுவீடாகப் போய்ப் புதிய வரியை ஆதரித்து நானூறு கையெழுத்து வாங்கினார்.

ஊர் மண்டபத்தில் பொதுக்கூட்டம். புதிய வரி வேண்டும் என்பவர்கள் இடப்பக்கம், வேண்டாம் என்பவர்கள் வலப்பக்கம். இடப்பக்கம் முதல் வரிசையில் எஃபி, தொப்பியோடு. லாக்லன் எழுந்தார்.

"எனக்காகச் சொல்லல. கல்லுக்கு வரி போடுறாங்களே, கல்லா சம்பாதிக்குது? சம்பாதிக்கிற மனுஷன் குடுக்கட்டும். அதுதானே நியாயம்?"

கைதட்டல். மேடையிலிருந்த கவுன்சிலர் மைரி ட்யூகிட் தலையசைத்தார். "ரொம்பச் சரி, மிஸ்டர் பெட்ரி. ஒரு வீட்டுல எத்தனை பேர் சம்பாதிச்சாலும் ஒவ்வொருத்தரும் தனித்தனியாக் கட்டணும்."

லாக்லன் முகத்தில் ஏதோ ஓடியது. "ஒவ்வொருத்தருமா? பெண்டாட்டி சம்பாதிச்சாக்கூடவா?"

"பெண்டாட்டியும்தான்."

"சும்மா ஒரு பேச்சுக்குக் கேக்கிறேன், சலூன் வெச்சிருந்தா?"

"சலூன் வெச்சிருந்தாலும்தான்."

லாக்லன் ஒரு நிமிடம் மண்டபத்துக் கூரையைப் பார்த்தார். பிறகு தன் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு, நானூறு கையெழுத்துக் காகிதத்தை இடுக்கிக்கொண்டு, வலப்பக்கம் போகப் புறப்பட்டார். போகிற வழியிலேயே பேச்சு தொடர்ந்தது.

"ஆனா, யோசிச்சுப் பாருங்க. சம்பளத்தை ஒளிச்சு வெக்கலாம். கல்லை ஒளிக்க முடியுமா? கல்லுக்குப் போடுற வரிதான் யோக்கியமான வரி. எனக்காகச் சொல்லல!"

"லாக்லன், நடுவுல நின்னுக்கப்பா! திரும்பி வர தூரம் கம்மி!" என்று யாரோ பின்னாலிருந்து கத்தினார்கள். மண்டபமே சிரித்தது. எஃபி சிரிக்கவில்லை. எழுந்து நின்றார்.

"எனக்கு ஒரே ஒரு சந்தேகம், லாக்லன். பழைய வரியே இருக்கட்டும். நம்ம கல்யாணம் ஆனா உங்க வீட்டு வரி கால் பங்கு கூடும், சரி. நான் என் வீட்டை வித்துட்டு வந்துடுவேனே? அங்க தனி ஆளா நான் கட்டுற முக்கால் பங்கு மொத்தமா இல்லாமப் போயிடுமே. ரெண்டு பேரையும் சேர்த்துப் பார்த்தா லாபம்தானே? ஏழு வருஷமா இது உங்களுக்குத் தோணவே இல்லையா?"

லாக்லன் நாற்காலியும் கையுமாக நடுவழியில் நின்றார். பொய் சொல்லத் தெரியாத மனிதர் என்பதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். நிஜமான குழப்பத்தோடு கேட்டார்:

"உன் வீட்டு வரி எப்படிம்மா என் கணக்குல வரும்?"

எஃபி தொப்பியைக் கழற்றிப் பக்கத்துக் காலி நாற்காலியில் வைத்தார்.

"வராது, லாக்லன். இனிமே வரவே வராது."

அந்த அம்மாள் நிமிர்ந்து நடந்து வெளியே போனார். கவுன்சிலர் தொண்டையைச் செருமிக்கொண்டு, அடுத்தது கடற்பறவைகள் கிழிக்கும் குப்பைப் பைகள் பற்றிய கேள்வி என்று அறிவித்தார். பிற்பாடு அரசாங்கமும் தன் யோசனையைக் கிடப்பில் போட்டுவிட்டது. லாக்லனுக்குக் கால் பங்கு இன்றுவரை பத்திரமாக இருக்கிறது. எங்கேயோ வலிக்கிறது என்று டாக்டரிடம் போய்வந்தார். எங்கே என்றுதான் அவருக்குச் சொல்லத் தெரியவில்லையாம். எனக்கு அந்த மனிதர்மேல் கோபம் உண்டு, ஆனாலும் இதைக் கேட்டபோது கஷ்டமாகத்தான் இருந்தது.

போகட்டும். இரண்டு வரியில் எது நியாயமானது என்று நீங்கள் இதற்குள் ஒரு முடிவுக்கு வந்திருப்பீர்கள். வருவதற்கு முன், உங்கள் வீட்டில் எத்தனை அறை, எத்தனை சம்பளம் என்று ஒரு நொடி மனதுக்குள் எண்ணிப் பார்த்தீர்களா, இல்லையா? எண்ணினேன் என்று ஒப்புக்கொள்கிறவர்கள் பிழைத்துக்கொள்வார்கள். எண்ணவே இல்லை என்று சத்தியம் செய்கிறவர்கள், தயவுசெய்து உங்கள் வீட்டுக் கோப்பைகளைப் போய் ஒருமுறை எண்ணிவிட்டு வாருங்கள்.